மாறிக் கீறிய பெயர்

எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல். ஒட்டாவா நாடாளுமன்றத்தில் காலியான ஒரேயொரு ஆசனத்துக்காக, கனடாவில் நாங்கள் இருக்கும் வோபர்ன் பகுதியில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வாக்குப்பதிவு. அந்த ஒருநாள் வேலைக்கு என்னையும் எடுத்திருந்தார்கள். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைத் தேடி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, வாக்குச்சீட்டை நீட்ட வேண்டும். இங்கே விரலில் மை பூசுவதில்லை. அந்தக் கோடுதான் ஒருவர் வாக்களித்ததற்கு அடையாளம்.

பக்கத்து மேசைக்காரி எங்கள் பெயர்களை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நான் மூன்று பேரை அனுப்பிவிடுவேன். தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியாததா என்ற கொழுப்பு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை.

பின்னேரம் மூன்று மணியளவில் ஒரு பெரியவர் வந்தார். எழுபது தாண்டியிருக்கும். சப்பாத்தில் பனியும் உப்புக்கறையும், குளிர்கோட்டுக்குள் மடிப்புக் கலையாத சேட்டும் கழுத்துப்பட்டியும். குடியுரிமை எடுத்து அதிக காலம் இல்லை, இதுதான் முதல் வாக்கு என்று சிரித்தபடி சொன்னார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதன் மேல் ஒரு கோடும் இருந்தது. நான் கீறிய கோடு.

"அண்ணை, உங்கட பேர் ஏற்கனவே கீறிக் கிடக்கு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "இங்கையுமோ?" என்றார்.

ஊரில் இளந்தாரியாக முதன்முதலில் வாக்குப் போடப் போன அன்று, அவர் பெயரில் யாரோ காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். அதன் பிறகு அவர் எந்தத் தேர்தலுக்கும் போகவில்லை. நான் கைகாட்டிக் கூப்பிட்ட மேற்பார்வையாளர் எங்கள் மேசைக்கு நடந்து வருவதற்குள் இவ்வளவையும் தணிந்த குரலில் சொல்லிவிட்டார்.

காலையில் வந்தீர்களா என்று மேற்பார்வையாளர் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அது பெரியவர் காதில் கள்ளவோட்டுப் போட்டாயா என்று விழுந்திருக்க வேண்டும். கோட்டுப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார். பின்னால் இருந்த கட்சிப் பிரதிநிதிகள் எட்டிப் பார்த்தார்கள். இந்த மனிதர் இப்போது வெளியே போனால் இனி எந்தக் காலத்திலும் வாக்குப் போட வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பட்டியலைப் பதறிப் புரட்டினேன். சில தாள் தள்ளி, அதே முகவரியில், அதே இரண்டு பெயர்கள் முன்பின்னாக மாறிக் கிடந்தன. அதில் கோடு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவர் தன் தகப்பனின் பெயரை மகனுக்கு வைத்திருக்கிறார். பேரன் என்றாலே பெயரன்தானே, எங்கள் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிகிற எங்களுக்கு, கனடாப் பட்டியலில் தகப்பனின் குடும்பப் பெயர் மகனின் சொந்தப் பெயராகவும், தகப்பனின் சொந்தப் பெயர் மகனின் குடும்பப் பெயராகவும் மாறி நிற்கும். காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் மகன் வந்தபோது, எது முன், எது பின் என்று பாராமல் தகப்பனைக் கீறிவிட்டு மகனுக்குச் சீட்டைக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி என்றால் எழுத்துக்கூட்டியாவது சரியாகப் பார்த்திருப்பாள்.

பேசாமல் இருந்தால் கிழவருக்கு மறதி என்று விட்டிருப்பார்கள். அந்த எண்ணம் வரத்தான் செய்தது, மறைக்கமாட்டேன். பிறகு எழுந்து நின்றேன். காலையில் வந்தது இவருடைய மகன், பிழை என்னுடையது என்று கூடம் கேட்க ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேற்பார்வையாளர் இரண்டு வரிகளிலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். இன்று தான் வாக்களிக்கவில்லை என்று பெரியவர் உறுதி சொல்லிக் கையெழுத்து வைத்தால் சீட்டுக் கொடுக்கலாம். அதை அவருக்குத் தமிழில் விளக்கினேன். அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை நீண்டுகொண்டு போனது. கடைசியில் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் பேனையைக் கேட்டார்.

வாக்குச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கோட்டை எடுக்க மறுபடி என் மேசையடிக்கு வந்தார்.

"அங்கை என்ர வோட்டைப் போட்டவன் இண்டைவரைக்கும் நான்தான் எண்டு சொல்லேல்லை. நீங்கள் எழும்பி நிண்டு சொன்னியள், தங்கச்சி. எனக்கு அதுவே காணும்."

நான் குனிந்து பட்டியலில் அடிமட்டத்தை நேராக்கினேன். பத்தொன்பது வயதில், ஊரில், சொந்தக்காரர் ஒருவர் தந்த வாக்காளர் அட்டைகளோடு நான் நான்கு பெண்களின் பெயரில் வாக்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விரல் மையைத் தேசிக்காய்ப் புளிச்சாற்றால் உரஞ்சி அழித்துவிட்டுத் திரும்பவும் போய் வரிசையில் நின்றேன். அதைக் கெட்டித்தனம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம். அந்த நால்வரில் யாராவது அன்று பின்னேரம் நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றிருப்பாளா என்று, அந்தப் பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டு போகும்வரை நான் யோசித்ததே இல்லை.