கழுவாத ரேடியேட்டர்

எங்கள் கடை வரிசையில் ரேடியேட்டர் பழுதுபார்க்கிறவருக்கு "அவசரம்" என்று பேர் வைத்தது நான்தான். கேலிக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. எஞ்சின் கொதித்துப் புகை கக்கிக்கொண்டு வந்து நிற்கும் வண்டிக்காரன் தாம்தூமென்று குதிப்பான். இவரோ ஸ்டூலை இழுத்துப்போட்டு, "உக்காருங்க, சூடு இறங்கட்டும்" என்பார். ரேடியேட்டர் மூடியைத் தொட விடமாட்டார். கொதிக்கும்போது திறந்தால் உள்ளே அடைபட்ட ஆவி முகத்தை வேகவைத்துவிடும். நன்றாக ஆறிய பிறகும் தடித்த துணியைப் போட்டு, மூடியைக் கொஞ்சமாகத் திருப்பிக் காற்றைப் போகவிட்டுத்தான் திறப்பார். நான் பக்கத்துப் பேட்டரி கடைக்காரன். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். "ஏண்ணே, அது ஆறுறதுக்குள்ள நமக்கு ஆயுசு முடிஞ்சிடும்" என்பேன். சிரித்துக்கொள்வார்.

மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைக் கடையிலேயே வைத்து வளர்த்தார். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பச்சை நிறமாக, நாக்குக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் விஷம். பிள்ளை தவழ்ந்து போய் நக்கிவிடுவானோ என்று, வடித்த கையோடு கேனில் அடைத்துப் பூட்டிவைப்பார். பிள்ளை வளர்ந்து, சொந்தமாக லோடு வண்டி வாங்கி, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகும் கேனைப் பூட்டுகிற பழக்கம் போகவில்லை.

அந்தப் பிள்ளைதான் செத்துப்போனான். தொலைதூர லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கைபிரேக் போட்டு, சீட்டில் சாய்ந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள். அன்று காலையில்தான் அப்பாவுக்கு போன் போட்டிருக்கிறான். "வழியெல்லாம் மஞ்சப் பூச்சிப்பா. பாவம், கூட்டம் கூட்டமா வந்து வண்டியில விழுது. வந்ததும் கழுவித் தாங்க."

வண்டி வந்தது. அவர் அதைக் கடைக்குள் ஏற்றி, தார்ப்பாயைப் போட்டு மூடினார். தினமும் காலையில் முன்பக்கத் தார்ப்பாயை மட்டும் தூக்கிக் குனிந்து பார்ப்பார். ரேடியேட்டரின் சன்னமான தகடுகளுக்கு இடையே புல்விதையும் பஞ்சும் மண்ணும் மஞ்சள் இறக்கைகளும் காற்றுப் போகிற வழியை அடைத்து அப்பிக்கிடக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுவார். நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் மருமகளுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அவளுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் உண்டு. ஒரு மரச்சாமான் கடையில் பேசி, வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய் இறக்கும் வேலையைப் பிடித்துவிட்டாள். "வண்டியைத் தயார்பண்ணிக் குடுங்க மாமா" என்றாள். அவரும் செய்தார். ஹோஸ், பெல்ட், கூலன்ட் எல்லாம் புதிது.

"முன்னாடி ரேடியேட்டரைக் கழுவியாச்சா மாமா?"

"கழுவியாச்சும்மா" என்றார்.

தொழிலில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. அன்று கேட்டேன். கேட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

முதல் லோடிலேயே மேட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. மரச்சாமான் கடைக்காரர் வேறு வண்டி வைத்துச் சாமானைக் கொண்டுபோனார். "இன்னொரு தடவை இப்படி நின்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டாராம். கயிறு கட்டி இழுத்துவந்த வண்டியிலிருந்து அவள் இறங்கினாள். நேரே முன்பக்கம் போய்க் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"கழுவினேன்னு சொன்னீங்களே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் கடைசியாப் போன ரோடும்மா அது. அதை எப்படி நான்..."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவளோ குரலே உயர்த்தவில்லை.

"அவர் படுத்த தலகாணி உறையை நானும் துவைக்காமத்தான் வச்சிருந்தேன் மாமா. அவர் தலை வாசம் அதுல இருந்துச்சு. போன மாசம் பாப்பா காய்ச்சல்ல அதுமேல வாந்தி எடுத்துட்டா. துவைச்சுப் போட்டுட்டேன். அன்னைக்கு நான் யார்கிட்ட வந்து அழுதேன்?"

அவள் பிரஷர் வாஷ் குழாயை எடுத்தாள். "நானே கழுவிக்குறேன்."

அப்போதுதான் அவர் அசைந்தார். "அது வேண்டாம்மா. அந்த வேகத்துக்குத் தகடெல்லாம் மடிஞ்சு அடைச்சுக்கும், காத்தே போகாது. குடு. சூடு இறங்கட்டும், நான் செய்யறேன்."

ஆறும் வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஸ்டூலை அவளுக்குத்தான் போட்டார். பிறகு எழுந்து, ஃபேன் தானாகச் சுற்றிக் கையை வெட்டிவிடாமலிருக்க பேட்டரி ஒயரைக் கழற்றினார். மெல்லிய பிரஷ்ஷால், தகடு போகும் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேய்த்தார். சாதாரணக் குழாயை எடுத்து, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டார். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும், வந்த வழியேதான் வெளியே தள்ள வேண்டும் என்பார் எப்போதும். மண் வந்தது, பஞ்சு வந்தது. மஞ்சள் இறக்கைகள் ஒவ்வொன்றாக வந்து தரையில் ஓடின. ஒன்று அவர் புறங்கையில் ஒட்டியது. அதையும் தண்ணீரிலேயே காட்டினார். அவர் தோள் குலுங்கியது. குழாயை மட்டும் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

கழுவி முடித்தால் பின்னால் விளக்கைப் பிடித்து, முன்னாலிருந்து பார்ப்பது அவர் வழக்கம். எல்லா இடத்திலும் வெளிச்சம் தெரிந்தால்தான் வண்டியை விடுவார். எத்தனை அவசரமாக வந்த ஆளையும் அதற்காக நிறுத்திவைத்திருக்கிறார். அன்று விளக்கை அவரே பின்னால் பிடித்துக்கொண்டார்.

"வெளிச்சம் தெரியுதாம்மா?"

அவள் குனிந்து மூலை மூலையாகப் பார்த்தாள். "எல்லா இடத்துலயும் தெரியுது மாமா. நீங்களும் ஒரு தடவை வந்து பாத்துடுங்க."

அவர் வரவில்லை.

"அங்க இனிமே பாக்க என்னம்மா இருக்கு" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, என் கடைக்குள் போய்விட்டேன்.