நான் விற்காத சிறுநீரகம்

நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. என்னிடம் ஒரு பழைய பலவீனம் உண்டு. எந்த நோயைப் பற்றி வாசித்தாலும் அன்று மாலையே அது எனக்கு வந்துவிடும். தைரொயிட் சுரப்பி பாடம் எடுக்கும் வாரம் கழுத்தைத் தடவிக்கொண்டே திரிவேன். இதயம் பற்றிய பாடத்தின்போது இரண்டு தடவை ஆசிரியர் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாடம் முடிந்து பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டால் எனக்கும் குணமாகிவிடும். என் மனைவி இதையெல்லாம் பார்த்துப் பழகியவள். வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைக்கிறாள். நான் சாகப்போவதாகச் சொன்னால் நூலைக் கோத்துக்கொண்டே "ஆகட்டுங்க" என்பாள்.

எங்கள் பாடசாலை உப அதிபர் இறந்தபோது நிலைமை மாறியது. அவருக்கு முதுகு வலி இருந்தது. மெத்தையை மாற்றிப் பாருங்கள் என்று ஆலோசனை சொன்னவன் நான்தான். மெத்தை மாற்றிய பிறகுதான் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் எல்லாம் கடந்துவிட்டது. அவருடைய மேசை என் மேசைக்குப் பக்கத்து மேசை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாக வயிற்றை அமுக்கிப் பார்க்கும்.

அந்த நேரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. நோய் வருமுன்னே அதைப் பார்த்துவிடலாம், கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே சீ.டி. ஸ்கேன், கொழும்பில். ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகு போனைத் திறந்தால் அது மட்டும்தான் வந்தது. எனக்காகவே யாரோ அனுப்புகிறார்கள் என்று நம்பிவிட்டேன்.

மகள் இரத்தினபுரியில் தாதியாக வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டேன்.

"அப்பா, ஒரு வருத்தமும் இல்லாம சீ.டி. எடுக்கக் கூடாது. அந்தக் கதிர் சும்மா உடம்புக்குள்ள போறது நல்லதில்ல. பிரஷர் பாருங்க, சீனி பாருங்க. அது போதும்."

"உப அதிபருக்கும் பிரஷர் நல்லாத்தான் இருந்திச்சு."

"அதுக்கு நீங்க ஏன்பா ஸ்கேன் எடுக்கணும்?"

 நான் போனை வைத்துவிட்டேன். ஊர் டொக்டரிடமும் போனேன். சிங்களவர், என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர்ட்ட கிசி லெடக் நே" என்றார். ஒரு நோயும் இல்லை என்கிறார். இல்லாத நோயைத்தான் தேடப் போகிறேன் என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், வெளியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாடசாலையில் கல்வி அமைச்சுக்குப் போவதாகச் சொன்னேன். தோட்டத்தில் கல்யாணப் பேச்சு என்று சொன்னேன். இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நான் யோசிக்கவில்லை.

கொழும்பில் முதலில் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊசி மருந்து ஏற்றுவார்களாம். முடிவு நன்றாக இருந்தது. பிறகு பெரிய வளையம் போன்ற மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள். வேலை செய்த பையன் சிங்களவன். என் முகத்தைப் பார்த்து "பய வென்ன எப்பா, மாஸ்டர்" என்றான், பயப்பட வேண்டாமாம். மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து ஒரு சூடு இறங்கி அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே பரவியது. படுக்கையை நனைத்துவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன். மூச்சைப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. எழுந்து பார்த்தால் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. அந்த மருந்து அப்படித்தான் செய்யுமாம். வரும் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்களாம். ஆனால் யாரும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை என்றான்.

ரிப்போர்ட்டைத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் வாசித்தேன். ஈரல் சரி, கணையம் சரி, நுரையீரல் சரி. அதற்குக் கீழே, இடது சிறுநீரகம் தென்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"படம் ஒழுங்கா விழல போல. நான் பேசினதால இருக்கும்" என்று துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொன்னேன்.

அவள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். "வலதுபக்கம் வழமையைவிடப் பெருசுன்னு போட்டிருக்கே. அது மட்டும் எப்படி விழுந்திச்சு?"

நிவித்திகலையில் இறங்கி த்ரீவீலில் ஏறியதும் மகளுக்கு அழைத்தேன். ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன்.  அவள் சிரிப்பு வருவதை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு கிட்னிதான் இருக்கு. பிறக்கும்போதே அப்படித்தான். மத்தது வளந்து ரெண்டு வேலையும் செய்யுது. சிலருக்கு இப்படி இருக்கும். ஒண்ணும் பயமில்ல."

எனக்கு மட்டும் கேட்க வேண்டியதை நான் த்ரீவீல் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னேன். "என்னது? ஒரு கிட்னி இல்லையா?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். மேலே ஏறுகிற பாதையில் பள்ளம் வரும் இடமெல்லாம் மெதுவாக ஓட்டினான். இறங்கும்போது என் பையை வாங்கி மனைவியிடம் கொடுத்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல, அவமானத்தால். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் இரண்டு அவரை விதையை வரைந்து, மனிதனுக்கு ஒரு சோடிச் சிறுநீரகம் என்று எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் வரைந்த பிள்ளைக்குப் புள்ளி வெட்டியிருக்கிறேன். டொக்டர் மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மகள் சொன்னதையே சொன்னார். வருடத்துக்கு ஒரு தடவை இரத்தமும் பிரஷரும் பார்த்தால் போதும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்தலாமா என்று கேட்டேன். அவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு நாளுக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி தயாராகிவிட்டது. அமைச்சுக்குப் போனவர் கல்யாணப் பேச்சுக்கும் போயிருக்கிறார். போன வருடம்தான் கடன்பட்டு வீட்டுக்கு ஓர் அறை கட்டித் தரைக்கு டைல்ஸ் போட்டார். மாஸ்டர் கிட்னியை விற்றுவிட்டார்.

முதலில் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அப்படி என்ன கஷ்டம் மாஸ்டர்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் போன பிறகு தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் நான்கு பேர் இளநீரோடு வந்தார்கள். அதில் ஒருவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அனே பவ், பாவம் மாஸ்டர், டைல்ஸுக்காகவா?" என்று கண் கலங்கினார்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "பழைய பேப்பரைக்கூட விலை பேசி விக்கத் தெரியாத மனுசன். இவரு கிட்னி விக்கிறாராமா!"

எனக்காக அவள் பேசிய இந்தப் பேச்சு பெண்களை நம்ப வைத்தது. ஆனால் அவர்கள் நம்பியது வேறு. பேசத் தெரியாததால் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன் என்று கதை திருந்தியது.

ஆதாரம் காட்டினால் போயிற்று என்று முடிவு செய்தேன். விஞ்ஞான ஆசிரியன் அல்லவா? வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வழக்கமாகச் சட்டையோடு பின்னால் நிற்கிறவன், அன்று சட்டையைக் கழற்றி வேட்டியை இறுக்கிக் கட்டி முன்வரிசையில் நின்றேன். கற்பூரம் காட்டும்போது கூட்டத்தின் பக்கம் இடது விலாவைத் திருப்பினேன். ஒரு கீறல் கிடையாது. நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக முழுச் சுற்றும் சுற்றினேன்.

"அந்தா தையல்!" என்றது ஒரு குரல்.

இருபது வயதில் எனக்குக் குடல்வால் எடுத்தார்கள். வலது அடிவயிற்றில் விரல் நீளத்துக்குத் தழும்பு உண்டு. முப்பத்து நான்கு வருடமாகக் குளிக்கும்போதெல்லாம் பார்த்த தழும்பு. அன்று மட்டும் மறந்துவிட்டேன். "அது குடல்வால்! சிறுநீரகம் பின்பக்கம் இருக்கும்!" என்று அம்மன் சந்நிதியில் உரக்க விளக்கினேன். பூசாரி தட்டோடு காத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர் என் தோளில் துண்டைப் போட்டு, "பரவாயில்ல மாஸ்டர், விடுங்க" என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை அந்த மனிதர் வந்தார். இறப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. பெரிய மழை வந்தால் குடும்பத்தோடு வந்து பாடசாலை மண்டபத்தில்தான் படுப்பார்கள். நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்லிச் சொல்லிப் பழகிய விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், அது எந்த ஆஸ்பத்திரி? யாரைப் போய்ப் பாக்கணும்?"

"எதுக்கு?"

"எனக்கு ரெண்டும் இருக்கு மாஸ்டர். நல்லா வேலை செய்யுது."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"ஒண்ணுக்கு நல்லா போகுதே." நாற்காலியை என் பக்கமாக இழுத்துக்கொண்டார். "ரோட்டுப் பக்கம் துண்டுக் காணி ஒண்ணு விலைக்கு இருக்கு மாஸ்டர். தகரம் போட்டாலும் போதும். மழை பெஞ்சா பெரிய பிள்ள தூங்குறதில்ல. மலையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

 எனக்கு வரப்போகும் ஆபத்தைத் தேடி நான் கொழும்பு வரை போய் மெஷினுக்குள் படுத்திருக்கிறேன். இவருக்கு வரும் ஆபத்து வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கிறது. அந்தப் பிள்ளை என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் தூங்கி விழும். நான் சுண்ணாம்புக் கட்டியால் எறிந்திருக்கிறேன்.

கடுதாசியில் படம் வரைந்து, ரிப்போர்ட்டை வரிவரியாகத் தமிழில் சொல்லி, நான் எதையும் விற்கவில்லை, அதை விற்பது குற்றம், பிறகு மலையேறிப் பால் வெட்டவும் கஷ்டம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "அப்ப ஆஸ்பத்திரி பேர் தெரியாதுங்களா?" என்றார்.

தெரியாது என்றேன். வேறு என்ன செய்வது என்று புரியாமல், பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரவா என்று கேட்டேன். சிங்களத்தில் எழுத வேண்டும். பேசினால் நான் சிங்களவன் என்றே நினைப்பார்கள், எழுதினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று நினைப்பார்கள். மனைவி சிங்களப் பாடசாலையில் படித்தவள். என் கடிதத்தை வாசித்துவிட்டு, "மலை வெடிச்சிருக்குன்னு எழுதச் சொன்னா, மலை சிரிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். முழுவதையும் அவளே புதிதாக எழுதினாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதை நானும் அவரும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான்காவது எழுதிய பிறகு அதிகாரிகள் வந்து வெடிப்பை அளந்து பார்த்தார்கள். அந்த லயத்தில் மூன்று குடும்பங்களை, வீடு கிடைக்கும்வரை, பூட்டிக் கிடந்த பழைய தோட்ட மருந்தகக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வீடு இன்னும் கிடைக்கவில்லை. ஐந்தாவது கடிதம் மனைவியின் கையில் இருக்கிறது. மூத்த பிள்ளை இப்போது வகுப்பில் தூங்குவதில்லை. கேள்வி கேட்கிறாள், சிலவற்றுக்கு எனக்குப் பதில் தெரியாது.

போன வாரம் அவர் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலில் இருந்த நான் வாங்குவதற்காக இரண்டு கையையும் நீட்டினேன். அவர் பதறிப்போய் ஓரடி பின்வாங்கினார்.

"வேணாம் மாஸ்டர், நீங்க பாரம் தூக்கக் கூடாது! தள்ளுங்க, நானே உள்ள வைக்கிறேன்."

தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.  அவர் உள்ளே போவதற்கு வசதியாக நான் குசினிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன்.