தளியில் சிறுத்தையைக் காப்பாற்றப் போனேன்

கடந்த ஜனவரியில் பதினான்கு நாள்கள், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளிக்குப் பக்கத்தில் நடக்கும் ஒரு சிறுத்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். படங்களைப் பார்த்த வாசகர்கள் பலர் எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை மாதம் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. செலவு, தூரம், நேரம் எல்லாம் கீழே இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

நான் ஈப்போவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் பத்தொன்பது வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள். டாக்டர் ஓய்வு பெற்று நிலையத்தை மூடியபோது கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருந்தன. இணையத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். 'தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை' என்று போட்டிருந்தது. என் தமிழுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை இருக்கிறது என்பதே பெருமையாக இருந்தது. இரண்டு வாரத்துக்குக் கட்டணம் 2,800 ரிங்கிட். சாப்பாடும் தங்குமிடமும் அதில் அடக்கம். விமான டிக்கெட் தனி.

கோலாலம்பூரிலிருந்து பெங்களூருக்கு நான்கு மணி நேரம். காலை 10.40க்கு இறங்கி, வெளியே வர 11.45 ஆனது. ஓசூருக்குச் சுமார் 75 கிலோமீட்டர். வாடகைக் காருக்கு 2,300 ரூபாய், சுங்கக் கட்டணம் தனி. 75 கிலோமீட்டர்தானே என்று நினைத்தது என் தவறு. அத்திப்பள்ளி எல்லையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி 2.50. வழியெல்லாம் தொழிற்சாலை மதில்கள், கம்பெனி பஸ்கள், ஹெல்மெட் போட்ட தலைகள். இதற்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி சிறுத்தை இருக்கிறது என்றால் நம்ப முடியாது.

தளிக்கு டவுன் பஸ், ஒரு மணி நேரம். கண்டக்டரிடம் நூறு ரூபாயை நீட்டினேன்.

"லேடீஸுக்கு ஃப்ரீம்மா."

"நான் மலேசியாங்க."

"மலேசியா லேடீஸும் லேடீஸ்தான். உக்காருங்க."

அந்தப் பயணத்தில் நான் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

தளியிலிருந்து ஜீப்பில் ஆறு கிலோமீட்டர். முகாம் என்பது ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. ஒருங்கிணைப்பாளர் ஹரீஷ், முப்பத்தைந்து வயது, பெங்களூர்க்காரர். ஆங்கிலமும் கன்னடமும் சரளம், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். எனக்கு முன்பே வந்திருந்த இரண்டு ஜெர்மன் மாணவிகள் முதல் வாரத்தோடு கிளம்பிவிட்டார்கள். ஜனவரியில் அங்கே அவ்வளவு குளிர் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. தளிச் சந்தையில் 450 ரூபாய்க்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பி, ஓடையோரமாகவும் கொல்லைகளின் விளிம்பிலும் கட்டியிருக்கும் பன்னிரண்டு தானியங்கிக் கேமராக்களின் மெமரி கார்டுகளை மாற்ற வேண்டும். மொத்தம் ஏழு கிலோமீட்டர் நடை. மாலையில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். அதற்குத்தான் என் தமிழ்.

அப்படித்தான் இரண்டாம் நாள் மாதேஷ் வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கரில் முட்டைக்கோஸ், ஓலை வேய்ந்த பட்டியில் ஆடுகள். இரண்டு மாதத்தில் மூன்று ஆடுகளைச் சிறுத்தை தூக்கியிருந்தது. அவரும் மனைவி ரத்னம்மாவும் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டு, என்னிடம் தமிழுக்கு மாறினார்கள்.

"படம் புடிக்கிறீங்க, போறீங்க. அது வருது, தூக்குது. எங்களுக்கு என்னாங்க பண்றீங்க?" என்றார் மாதேஷ்.

ஹரீஷ் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: பட்டிக்கு மேலும் பக்கத்திலும் இரும்புக் கம்பி வலை போட்டுத் தருவோம், ஒரு வாரத்தில் வந்துவிடும், அதுவரை விஷமோ கண்ணியோ வைக்கக் கூடாது. நான் அதைத் தமிழில் சொன்னேன். மாதேஷ் ஹரீஷைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நெசமா வருமாம்மா?"

"வரும்ங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஹரீஷ் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். ரத்னம்மா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஆறாம் நாள் மினி லாரியில் கம்பி வலைச் சுருள்கள் வந்து இறங்கின. மறுநாள் அவை மூன்று கிலோமீட்டர் தள்ளி, தார்ச்சாலை ஓரத்தில், பயணிகள் தங்கும் ஒரு பண்ணை விடுதிக்குப் போயின. அங்கே ஏற்கெனவே ஆள் உயரச் சுற்றுச்சுவர் இருந்தது. நான் கேட்டதற்கு ஹரீஷ் கோபப்படவில்லை. "சனிக்கிழமை டோனர்ஸ் வர்றாங்க மேடம். மாதேஷ் வீட்டுக்குக் கார் போகாது. அவங்க பாத்தாதான் அடுத்த லோடு வரும். நெக்ஸ்ட் மன்த் அவருக்குத்தான்." சனிக்கிழமை நன்கொடையாளர்கள் ஆறு பேர் வந்தார்கள். பண்ணையின் புதிய பட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன்.

வலை வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று நான் மாதேஷிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நடப்பதையே தவிர்த்தேன். ஒன்பதாம் நாள் ரத்னம்மாவே வழியில் எதிர்ப்பட்டார். சினை ஆடு ஒன்று போய்விட்டதாம்.

"வலை எப்பம்மா வரும்?"

"வந்துரும்ங்க" என்றேன்.

பதினொன்றாம் நாள் காலை, ஏழாம் எண் கேமராவின் கார்டை முகாமில் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். முயல், தெருநாய், மறுபடி முயல். அடுத்த படத்தில், முந்தைய நாள் மாலை 5.52க்கு, ஒரு மனிதர் குனிந்திருந்தார். வேலி இடைவெளியில், சிறுத்தை வழக்கமாக வரும் தடத்தில், பைக் கிளட்ச் ஒயரைச் சுருக்குப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் வேலை செய்யும் ஓசூர் கம்பெனியில் கொடுத்த நீல டி-சர்ட்டை மாதேஷ் எப்போதும் போட்டிருப்பார். முகம் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். முகமும் தெரிந்தது.

மாதேஷ் வீடு முகாமிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். இருபது நிமிடத்தில் நடந்துபோய், "கம்பியைக் கழட்டிடுங்க, படத்துல விழுந்துட்டீங்க" என்று சொல்லியிருக்கலாம். சிறுத்தையும் தப்பியிருக்கும். ஆனால் வலை எங்கே என்று அவர் கேட்பார். அதற்குப் பயந்துதான் ஹரீஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கூட வந்தால் அவர் பதில் சொல்லிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"நான் பாத்துக்கறேன் மேடம்" என்று படத்தைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். மதியம் இரண்டரைக்கு வனத்துறை ஜீப் வந்தது.

வனத்துறைக்காரர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். கண்ணி வைத்தது குற்றம்தான். அதே இடைவெளி வழியாக இரண்டு நாள் கழித்துச் சிறுத்தை போனது கேமராவில் பதிவாகியிருக்கிறது. கம்பியை எடுத்திருக்காவிட்டால் அது செத்திருக்கும். இதையும் நான் எழுதியாக வேண்டும்.

மாதேஷை ஜீப்பில் ஏற்றும்போது நான் தள்ளி நின்றிருந்தேன். ரத்னம்மா நேராக என்னிடம் வந்தார். அழவில்லை.

"நீங்கதானம்மா பொறுப்புன்னு சொன்னீங்க? எங்க வூட்ல டீ குடிச்சிட்டுதான சொன்னீங்க?"

டீ வந்தது அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் என் புத்தி இந்தத் திருத்தத்தைத்தான் யோசித்தது.

முகாமில் ஹரீஷிடம் கத்தினேன். "நான் சொல்லாம விட்டா எங்க பர்மிஷனே போயிடும்" என்றார். அது நியாயம்தான். "அப்ப வலையைப் பத்தியும் சொல்லியிருக்கணும். நான் போய்ச் சொல்றேன்" என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லுங்க மேடம். ஆனா கேமரா வேலைக்கு ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கொடுத்த லிஸ்டுல உங்க பேரு இல்ல. நீங்க டூரிஸ்ட் விசால வந்தவங்க. யோசிச்சுக்குங்க."

அது உண்மையான சிக்கலா, வெறும் மிரட்டலா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் விசாரிக்கவே இல்லை. தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது.

பதினான்காம் நாள் பகல், தளி பஸ்ஸில் ஓசூர் வந்தேன். பெங்களூர் பஸ்ஸுக்காக நின்றபோது, கம்பெனிச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் வேகமாக வந்தாள். மாதேஷின் மகள் மஞ்சுளா. முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். நான் கிளம்புவதை அம்மா போனில் சொன்னாராம்.

"அக்கா, அப்பாவ ரிமாண்ட் பண்ணிட்டாங்க. தோலுக்காக வெச்சதுன்னு ஆயிடுச்சுன்னா பெயிலே கஷ்டம்னு வக்கீல் சொல்றாரு. வலை போட்டுத் தர்றோம்னு சொன்னாங்க, இவரு காத்துக்கினு இருந்தாரு, வரல. அத மட்டும் நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வக்கீல் ஆபீஸ் இங்கதான், பத்து நிமிஷம்."

"ஃப்ளைட் இருக்கும்மா."

"ராத்திரி பதினோரு மணிக்குதான? அம்மா சொன்னாங்க. இப்ப மணி மூணேகால்க்கா."

"ஊருக்குப் போய் மெயில்ல அனுப்புறேன். அதான் சரியா இருக்கும்."

"சரிக்கா" என்று ஒரு காகிதத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தாள். பஸ் வந்ததும் என் பெட்டியை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

ஈப்போவில் அந்த மின்னஞ்சலை மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்தேன். மாதேஷுக்குப் பிணை கிடைக்க நாற்பத்தோரு நாள் ஆனது. அதற்குள் மீதி ஆடுகளைக் கல்லாவி ஊர்ப் பக்கத்து ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார்களாம். அறுக்க ஆளில்லாமல் முட்டைக்கோஸ் வயலிலேயே வெடித்துப்போனதாம். வழக்கு நடக்கிறது. திட்டத்தின் மாத மடலில், நான் கேமரா முன்னால் மண்டியிட்டிருக்கும் படத்தோடு, விழிப்பான தன்னார்வலரால் ஒரு சிறுத்தை உயிர் தப்பியது என்று போட்டிருந்தார்கள். என் சகோதரி அதை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எல்லோரும் வாழ்த்தினார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஜனவரிக்கு ஸ்வெட்டர் அவசியம். ஓடைப் பாதைக்குக் கணுக்கால் மூடிய காலணி வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஓசூருக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன், அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயர் இருப்பதைக் கண்ணால் பாருங்கள். போன வருடம் யார் யார் வீட்டுக்கு என்ன செய்து கொடுத்தார்கள் என்று கேட்டு, அவர்களில் இருவரிடமாவது நீங்களே பேசுங்கள். மொழி தெரிந்தவர் என்பதற்காக உங்களை அழைத்தால், அவர்கள் சொன்னதை மட்டும் மொழிபெயருங்கள். கூட ஒரு சொல் சேர்த்தால் அது உங்கள் வாக்கு. அதை நிறைவேற்றும் வரை ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

வெளியிடுவதற்கு முன் இதை மஞ்சுளாவுக்கு அனுப்பினேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், போடலாமா என்று கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் பதில் அனுப்பினாள்.

"போடுங்கக்கா. எல்லாம் கரெக்டாதான் எழுதியிருக்கீங்க. இதுல நாலு வரி அன்னிக்கு வக்கீல்கிட்ட எழுதிக் குடுத்திருக்கலாம்."