கறுப்பு வலைமேல் நெத்திலி

மாமா மணலில் எறிந்த புளி மிட்டாயைத் தங்கை ஓடிப்போய்ப் பொறுக்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு; லைட்ஹவுஸ் குப்பத்தில் என்னை விட்டால் விஞ்ஞானி இல்லை என்று நம்பிய வயது.

விவகாரம் இதுதான். அம்மா கடற்கரை மணலில் நெத்திலி காயப்போடுவாள். ஒன்றாவது படித்த தங்கை தினமும் அதை மிதித்துக்கொண்டு நடப்பாள். மீஞ்சூரில் கண்ணாடி வாங்கிப் போட்டும் மிதித்தாள். "நரம்புல கோளாறு இருக்கலாம், மெட்ராஸ்ல பெரிய டாக்டராண்ட காட்டுங்க" என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். கடலுக்குப் போகாத ஒரு நாளில் கிளம்பலாம் என்றிருந்தார் நைனா. அதற்குள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சோதனையில் இறங்கிவிட்டார்.

"பாத்தியா அக்கா? முட்டாய்னா கண்ணு நல்லா தெரியுது. மீனுன்னா மட்டும் தெரியலயாம். இன்னா நடிப்பு! இதுக்குப் போய் மெட்ராஸாம்!"

அம்மா சிரிக்கவில்லை. "ஏண்டி, நெஜமாவே மீனு தெரியலயா?"

தங்கை மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "மீனு எங்கம்மா கீது?" என்றாள். நின்றிருந்தது மீன் மேலேயே.

நான் பார்த்தது வேறு. மிட்டாய்த் தாள் கறுப்பு, மணல் வெளுப்பு. நெத்திலியோ மணலோடு மணலாக வெளுத்துக் கிடந்தது. மறுநாள், நைனா ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கறுப்பு வலையை இழுத்துவந்து விரித்து, அதன்மேல் மீனைப் பரப்பினேன். தங்கை வந்தாள். வலை ஓரத்தில் நின்றாள். சுற்றிக்கொண்டு போனாள்! நான் குதித்த குதியில் மணல் பறந்து மீனில் விழ, முதுகில் அடி எனக்குத்தான் கிடைத்தது.

அதன்பிறகு மீன் காய்ந்தது அந்த வலைமேல்தான்; அவள் மிதிக்கவே இல்லை. கண்ணாடி இப்போதுதான் ஒத்துக்கொண்டது என்றாள் அம்மா. "நான் வெச்ச டெஸ்ட்டுல பயந்து திருந்திடுச்சு" என்று குப்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தார் மாமா. தங்கைக்குக் கறுப்பு பிடிக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. மூன்று பேருக்கும் பரம திருப்தி. மெட்ராஸ் பயணம் அப்படியே நின்றுபோனது.

அவள் எட்டாவது வந்து, போர்டில் இருப்பதைப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டே எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பிய பிறகுதான் போனோம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மெலிந்திருக்கிறது, அதைக் கண்ணாடியால் சரிசெய்ய முடியாது, நிறம் எடுப்பாக இருந்தால் சமாளித்துக்கொள்வாள் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், "ஏண்டி இத்தன வருஷமா சொல்லல?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்டித்தான் தெரியும்னு நெனச்சேன்க்கா."

வலை விரித்த அன்று மீனைக் காப்பாற்றிவிட்டோம் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. வலை விரிக்காத இடமெல்லாம் அவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்கத் தெரியவில்லை.

இப்போது அவள் பிளஸ் ஒன். பள்ளிக்கூடப் படிகள் அத்தனையும் ஒரே சிமெண்ட் நிறம். இறங்கும்போது விளிம்பைக் காலால் துழாவுகிறாள். படி விளிம்புகளில் கோடு போட ஹெட்மாஸ்டர் சம்மதித்துவிட்டார். படகுக்கு அடித்தது போக மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட்டோடு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். எங்கே அடிக்க வேண்டும், எவ்வளவு அகலம் என்பதை அவள் சொல்வாள். பிரஷ் மட்டும் என் கையில்.