கொடியேற்றத்தன்று திறந்த கடை

இருபாலைச் சந்தியைக் கடந்து கோப்பாய்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தலையில் ஒரு பெரிய இரும்புத் தாச்சி, ரோல்ஸ் பொரிக்கிறது. வெயிலுக்குக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். நிழல் நல்லது, சூடுதான் கொஞ்சம் கூட.

கல்வியங்காட்டில் நான் நடத்திய ரோல்ஸ் கடையை அன்று காலைதான் மூடிப் பூட்டி, திறப்பை உரிமைக்காரரிடம் கொடுத்திருந்தேன். நெல்லியடியில் என் வாடகை அறை. அவ்வளவு தூரம் நடக்கும் எண்ணம் இல்லை. கால் போகும்வரை போவோம் என்றிருந்தேன்.

அதற்கு முன் ஒரு குளிர்பானக் கம்பனியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லொறியில் போத்தல் பெட்டி ஏற்றப் போனவன். பிறகு லொறி ஓட்டினேன், பிறகு கடை கடையாக ஓடர் எடுத்தேன், கடைசியில் கழுத்துப்பட்டியும் கண்ணாடி அறையும் தந்தார்கள். குளிரூட்டிய அறை, சுழலும் கதிரை. மேசைக்குக் கீழே என் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன. ஒருநாள் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சொந்தமாக ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை.

கம்பனியில் நான் படித்த பெரிய பாடம், நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் சரக்குப் போதாது என்பது. அதை நம்பி, கொடியேற்றத்தன்றே ஆட்டிறைச்சி ரோல்ஸ் கடையைத் திறந்தேன். சனம் அலையலையாகக் கடையைக் கடந்து போனது. ஒருவரும் உள்ளே வரவில்லை. சோடாவுக்கு விரதம் கிடையாது, ஆட்டிறைச்சிக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இது எப்படி மறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"கொடி இறங்கட்டும் தம்பி, வாறன்," என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார் ஒருவர்.

மரக்கறி ரோல்ஸுக்கு மாறினேன். ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

"உது இறைச்சி பொரிச்ச தாச்சியெல்லே?"

"நல்லாக் கழுவினனான் அக்கா."

"தாச்சியைக் கழுவினீர், சரி. பேர்ப்பலகையிலை ஆடு நிண்டு சிரிக்குது."

விற்காததை மூன்று நேரமும் நானே தின்றேன். கையில் இருந்த காசு முடிந்ததும் மூடினேன். அவ்வளவுதான்.

கோப்பாய் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. பழைய கம்பனியின் மனேச்சர்.

"கடை பூட்டியாச்சாம். நாளைக்கு எட்டு மணிக்கு வாரும். உம்மடை கதிரை இன்னும் சும்மாதான் கிடக்கு. வராட்டில் வேறை ஆளைப் போடுறன்."

"யோசிச்சுச் சொல்லுறன் சேர்."

யோசிக்க என்ன இருந்தது? வாடகை கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும். போனால் இரண்டுக்கும் வழி உண்டு. ஆனால் அந்தக் கதிரையை நினைத்ததும் நடை தானாக மெதுவாகியது.

அப்போது பருத்தித்துறை மினிபஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சாரதி தலையை நீட்டினார்.

"தம்பி, தொப்பி நல்லாயிருக்கு. ஏறன்."

ஏறினேன். உள்ளே ஒரே கூச்சல். கொண்டக்டர் இல்லை. நல்லூரில் இறங்கி, தேர்த் திருவிழா முடியத்தான் வேலைக்கு வருவேன் என்று போய்விட்டானாம். சனம் வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது, பின்பக்கம் வெறுமை. பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"அக்கா, ரெண்டடி பின்னுக்குப் போங்கோ. ஐயா, பையை மடியிலை வையுங்கோ."

கத்தரிக்காய்ச் சாக்கோடு நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதல் உன்ரை தாச்சியைப் பின்னுக்கு அனுப்பு. பேந்து நாங்கள் போறம்."

பஸ்ஸே சிரித்தது. தாச்சி கைமாறிக் கைமாறிப் பின்னுக்குப் போனது, பின்னாலேயே சனமும் போனது. நீர்வேலியில் காசு வாங்கத் தொடங்கினேன். புத்தூரில் ஆட்களைக் கூப்பிட்டேன். வல்லைவெளியில் மிதிபலகையில் நின்றபோது கடல்காற்று சட்டைக்குள் புகுந்தது. காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தேன்.

நெல்லியடியில் இறங்கும்போது சாரதி சொன்னார்: "விடிய அஞ்சுக்கு முதல் பஸ். தேர் முடியுமட்டும் வாறியோ?"

"எட்டு மணிக்கு வேறை இடத்திலை வரச் சொல்லியிருக்கினம் அண்ணை."

"அங்கையென்ன வேலை?"

"இருக்கிற வேலை."

"இது நிக்கிற வேலை," என்றார் அவர். "பேந்து தேருக்குப் பிறகு என்னெண்டு எனக்குத் தெரியாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

எனக்கும் தெரியாது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு, அதே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது.

"எங்கை நிக்கிறீர்?"

"வல்லைவெளியிலை, சேர். ஒற்றைக் காலிலை. வேறை ஆளைப் போடுங்கோ, கோவிக்காதேங்கோ."

அவர் சொன்னது காற்றில் கேட்கவில்லை. தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே திரும்பினேன்.

"அச்சுவேலியிலை ஏறின ஆக்கள், காசை எடுங்கோ."