புள்ளிக் கோப்புகளைக் கூட்டித் தள்ளினேன்

இன்று காலை மடிக்கணினியைச் சுத்தம் செய்தேன். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் முகப்புக் கோப்புறையெங்கும் சிதறிக் கிடந்தன. குப்பை என்று நினைத்து அழித்தேன்.

அவற்றில் ஒன்று, பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் கட்டளைவரி நிரலின் அமைப்புக் கோப்பு என்பது நிரல் ஓட மறுத்தபோதுதான் தெரிந்தது. பல ஆண்டுகளாக நான் சேர்த்த திருத்தங்கள் எல்லாம் அதற்குள். பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையை மாலைக்குள் மாற்றி அனுப்ப வேண்டும்.

சிம்பாங் ரெங்கம் பட்டணத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் நிர்மலாவிடம் ஓடினேன்.

“அலமாக்! நல்லவேளை, குப்பைத் தொட்டிய காலி பண்ணல அங்கிள்” என்று எல்லாவற்றையும் மீட்டார்.

“அமைப்புக் கோப்புக்குன்னு தனி கோப்புறை இருக்காமே, அதுல வச்சிடும்மா” என்றேன்.

வைத்தார். கோப்பைக் காணோம் என்றது நிரல்.

“நிரலை எழுதினவரு பழைய இடத்துலதான் தேட வச்சிருக்காரு லா. செருப்புக்கு ரேக் வாங்கிக் கொடுத்தாலும் வாசல்லயே தேடுற ஆளு போல.”

பழையபடி போடச் சொன்னேன். கட்டுரை போய்ச் சேர்ந்தது.

உங்கள் முகப்பில் எத்தனை கிடக்கின்றன? எண்ணிச் சொல்லுங்கள், தொடாதீர்கள்.