திருகுபிடி உடையப்பன்

என் புருசன் பேரு உடையப்பன். புருசன் பேரைச் சொல்லலாமான்னு கேக்காதீங்க. ஊரே அந்தப் பேரைச் சொல்லிக் காறித் துப்பினப்போ நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? சடுகுடு ஆடுறதுதான் அவருக்குப் பொழப்பு. திருவிழா ஆட்டத்துக்கு எந்த ஊரு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுதோ, அந்த ஊருக்குக் கூலிக்கு ஆடுவாரு. மூச்சுப் பிடிச்சுப் பாடி வாரவன் கணுக்காலைப் பிடிச்சு ஒரு திருகு திருகினா ஆளு எந்திரிக்க மாட்டான். அவருகிட்ட கால் ஒடிஞ்சவங்க சுத்துப்பட்டுல அம்புட்டுப் பேரு. எனக்கு அதுல பெருமைதான், பொய் சொல்லுவானேன்.

ஐம்பத்தாறுல தாடிக்கொம்புக்காரங்க வெத்தலை வச்சாங்க. எதிராட்டம் யாருன்னு கேக்காமலே இந்த மனுசன் கை நீட்டி வாங்கிட்டாரு. எதிராட்டம் எரியோடு, நான் பொறந்த ஊரு. அங்க முதல்ல பாடி வாரவன் என் தம்பி சோலைமுத்து. திருப்பிக் குடுத்துருங்கன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்.

"வெத்தலையை வாங்கிட்டுப் பின்வாங்கினா இனிமே எவன் கூப்பிடுவான்?"னுட்டாரு.

தம்பி பாடிக்கிட்டு வந்தான், இவரு காலைப் பிடிச்சாரு. பிடிச்சதோட விட்டிருக்கலாம். கூட்டத்துல எவனோ, "மச்சினனுக்கு வலிக்கும், மெதுவாப் பிடி"ன்னு கத்தினான், எல்லாரும் சிரிச்சாங்க. ரோசத்துல திருகிட்டாரு. எலும்பு முறிஞ்ச சத்தம் நான் நின்ன இடத்துக்குக் கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு ஊரும் கம்பெடுத்து மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. தம்பிக்குக் கால் கோணலாத்தான் கூடுச்சு. அதோட என் வாசலை மிதிக்கிறதை விட்டுட்டான். என் மகளுக்கு மாமன் மடி இல்லாமக் காது குத்தினோம். அன்னைக்கு நான் அழுத அழுகை எதிரிக்கும் வரக் கூடாது.

இவரும் அதுக்கப்புறம் களத்துல இறங்கலை. தாடிக்கொம்புக்காரங்க எங்களை அங்கயே குடிவச்சு, அவங்க ஆளுகளைப் பழக்க இவரைக் கோச்சாக்குனாங்க. பழக்கினது என்னமோ அடிச்சுத்தான். பிடிச்சவன் கை லேசாத் திரும்பினாப் போதும், புளியம் விளாரு முதுகுல இறங்கும். "பிடி, திருகாதே"ன்னு தொண்டை கிழியக் கத்துவாரு.

அறுபத்திரண்டுல மறுபடி எரியோட்டோட ஆட்டம். தோக்கப்போற நேரத்துல எங்க ஆளு கண்ணுசாமி, பாடி வந்தவன் காலைத் திருக ஆரம்பிச்சுட்டான். பிடிபட்டவன் அலறுறான். இந்த மனுசன் கோட்டைத் தாண்டிப் பாஞ்சு கண்ணுசாமி மூஞ்சியிலயே குத்தினாரு. மூக்கு உடைஞ்சு ரத்தம் கொட்டுச்சு, பிடி விட்டுப் போச்சு, எரியோடு ஜெயிச்சுருச்சு.

"மச்சினன் ஊருக்கு ஆட்டத்தை வித்துட்டான்டா"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். சோறு போட்ட ஊரே இவரைக் கீழ தள்ளி மிதிச்சுது. கம்பு, கல்லுன்னு கையில கெடைச்சதால எல்லாம் அடிச்சாங்க. நான் உள்ள நுழைய முடியாம மாரடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எதிர்ப் பக்கத்துலருந்து சோலைமுத்து காலை இழுத்து இழுத்து வந்தான். இவனும் மிதிக்கத்தான் வாரான்னு நெனச்சேன். அவன் இவரு மேல குப்புற விழுந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அதுக்குப் பெறகு விழுந்த அடியெல்லாம் அவன் முதுகுலதான்.

கூட்டம் கலைஞ்சதும் தலையைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா, வண்டியைப் பூட்டச் சொல்லு. மச்சானுக்கு மூச்சு இருக்கு"ன்னான்.

ஆறு வருசமா என்னை அக்கான்னு கூப்பிடாத பய. கட்டின புருசன் ரத்தத்துல கெடக்கையில ஒருத்தி சந்தோசப்படலாமா? நான் பட்டேன்.